அந்த நடிகையின் முடி

வெள்ளிக்கிழமை, திருமலை.

மத்தியானம் சாப்பிடும்போது மகள் போனில் ஒரு பழைய வெள்ளைக்கார நடிகையின் போட்டோவைக் காட்டினாள். போர்க்காலத்தில் தன் நாட்டோடு சண்டை போட்ட எதிரிகளின் சினிமாப் படங்களில் நடித்தாளாம். போர் முடிந்ததும் சொந்த நாட்டுக்காரர்களே அவளைத் தெருவில் உட்காரவைத்து மொட்டையடித்துவிட்டார்கள். "சுத்தி நின்னு சிரிச்சிக்கினு கீறாங்க பாரும்மா" என்றாள். அப்புறம் அவளை யாரும் நடிக்கக் கூப்பிடவே இல்லையாம். இதைப் போய் எனக்கு எதற்குக் காட்டினாள்?

திரும்பிக் கோயிலில் முடியெடுக்கும் வேலைக்குப் போனேன். நகரி ஊரிலிருந்து முடி காணிக்கை கொடுக்க வந்த பெண் என் முன்னால் உட்கார்ந்து கும்பிட்டாள். கத்தியை வைக்கக் கை வரவில்லை.

"இன்னாக்கா, வேண்டுதல்க்கா. எடு" என்றாள்.

தண்ணீர் விட்டுத் தலையை நன்றாக ஊறவைத்தேன். ஊறாவிட்டால் கத்தி பட்டு எரியும். "கோவிந்தா" சொல்லி எடுத்தேன்.

போனில் பார்த்த அந்தப் பாதி மழித்த தலையில் மிச்சமிருந்த முடி காய்ந்தே இருந்தது.