பாதியில் நிற்கும் ஒப்பாரி

ராட்டர்டாம்
3 மார்ச் 2024

என் பிரிசில்லா அக்காவுக்கு,

நீ போன் செய்தும் பேசாமல் வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தமாம். உன் மகள் ஜெயப்பிரியா சொன்னாள். நான் வைக்கவில்லை அக்கா. நீ பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. காது இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது. மேல் சத்தம் முதலில் போகுமாம், கீழ்ச் சத்தம் கடைசியில்தான் போகுமாம். கீழ்ச்சுரம் கொடுக்கும் பேஸ் வாசிக்கிறவனுக்கு டாக்டர் சொன்ன ஆறுதல் அது. இனிமேல் கடிதமாக எழுது, ஜெயப்பிரியா போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

கேட்கிற வரைக்கும் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். அச்சரப்பாக்கம் சர்ச்சில் பேஸ் கிட்டார் தட்டி, மாமல்லபுரம் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்து, இங்கே வந்து ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு காலம் போய்விட்டது. பேட்டி எடுப்பவர்கள் எல்லாம் உன் குரு யார் என்பார்கள். யாராவது ஓர் அமெரிக்கக்காரர் பெயரைச் சொல்லி வைப்பேன். உண்மையில் என் குரு, ஊரார் பாப்பா என்று கூப்பிட்ட நம் அம்மாதான். சாவு வீட்டில் மற்றப் பெண்கள் ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரலை மேலே இழுப்பார்கள். அம்மா மட்டும் கீழே இறக்குவாள். மடியில் படுத்திருக்கும் என் முதுகெலும்பில் அது அதிரும். ஜாஸ் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டாயே, அதுதான். எல்லாருக்கும் தெரிந்த மெட்டை எடுத்து, அந்த இடத்திலேயே புதிதாகக் கட்டுவது.

அந்த ஒப்பாரியை வைத்து ஒரு பெரிய இசை எழுதுகிறேன். அக்டோபரில் மேடை. அம்மாவின் மெட்டு உனக்குத்தான் அப்படியே வரும். பாடிப் பதிவு செய்து அனுப்பு.

தம்பி
ஆல்வின்

---

அச்சரப்பாக்கம்
24 மார்ச் 2024

கண்ணான தம்பிக்கு,

காது விஷயம் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குளிர் ஊரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு திரியாதே என்று எத்தனை தரம் சொன்னேன்.

உனக்கென்ன, பாடு என்று எழுதிவிட்டாய். "பொணம் இல்லாத வூட்ல ஒப்பாரி வெச்சா அது ஆளைத் தேடிகினு வரும்" என்று அம்மா நம் வாயில் அடித்தது மறந்துபோயிற்றா? முறையும் உனக்குத் தெரியாது. ஒருத்தி ஓர் அடி, அடுத்தவள் ஓர் அடி என்று மாற்றி மாற்றிப் போகும். பாதியில் நிறுத்தக் கூடாது. கடைசி அடி செத்தவரின் நெருங்கிய பெண்ணுடையது. பெண்டாட்டியோ பிள்ளையோ இல்லையென்றால் கூடப்பிறந்தவள். அவள் பாடி முடித்த பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள்.

வேறு யாருக்காகவும் பாடியிருக்க மாட்டேன். கொரோனாவில் அம்மா போனபோது பையில் கட்டி நேரே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஊர் சாவுக்கெல்லாம் அழுதவளுக்கு ஓர் அடி பாட ஆள் இல்லை. நீயும் வரவில்லை. விமானம் இல்லை, தெரியும். தெரிந்தாலும் வலிக்கிறது. அதனால் அம்மாவுக்கென்றே பாடினேன்.

வீட்டில் பாட முடியாது. மாமல்லபுரம் தாண்டிக் கொக்கிலமேட்டுக் கரையில், வீடுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடினேன். ஜெயப்பிரியா பதிவு செய்தாள். நன்றாகத்தான் போனது. நடுவில் "அம்மா" என்று வரவேண்டிய இடத்தில் என் வாய் "தம்பி" என்றது. ஏன் என்று தெரியவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். முகம்கூடக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டோம். மனசே சரியில்லை. பதிவை அனுப்பியிருக்கிறாள், கேட்டுவிட்டு எழுது.

அக்கா
பிரிசில்லா

---

ராட்டர்டாம்
19 மே 2024

அக்கா,

நீ பாதியில் நின்றதாக எழுதியிருக்கிறாய். பாட்டு நிற்கவில்லையே. நீ "தம்பி" என்று விட்ட இடத்தில் அம்மா எடுத்துக்கொள்கிறாள்.

சிரிக்காதே. உன் குரல் எனக்கு அரைகுறையாகத்தான் விழுகிறது. அம்மாவின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. அடியை அதே மாதிரி கீழே இறக்குகிறாள். பேஸை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கூடவே வாசிக்கிறேன். அவள் ஓர் அடி, நான் ஓர் அடி. என் வாழ்நாளில் இப்படி வாசித்ததில்லை. ஒவ்வொரு தடவை போடும்போதும் பாட்டு கொஞ்சம் நீண்டிருக்கிறது. எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோகிறது.

ஆல்வின்

---

அச்சரப்பாக்கம்
9 ஜூன் 2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெயப்பிரியாவைக் கேட்கச் சொன்னேன். சிறுசேரி போகும் கம்பெனி பஸ்ஸில் ஹெட்செட் போட்டுக் கேட்டிருக்கிறாள். "நீ நிறுத்தினதும் அலைதாம்மா கீது. அப்பால ரெக்கார்டே ஆஃப் ஆயிட்சு" என்கிறாள். நானும் கேட்டேன். அலைதான்.

நீ சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அம்மா யாருக்குப் பாடுகிறாள் என்று யோசித்தாயா? தனக்குத்தானே யாராவது ஒப்பாரி வைப்பார்களா? அடுத்த அடியை நீ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். என் பேச்சைக் கேள், அந்தப் பதிவை அழித்துவிடு. இசையாவது மண்ணாவது. காது போனால் போகட்டும், இங்கே வா. நான் கஞ்சி ஊற்றுகிறேன்.

அக்கா

---

ராட்டர்டாம்
11 அக்டோபர் 2024

என் அக்காவுக்கு,

நீ சொன்னபடி கோடையிலேயே அழித்துவிட்டேன். ஆனாலும் கேட்கிறது.

இப்போது என் காதில் வேறு எதுவுமே இல்லை. டிராம் இல்லை, மழை இல்லை. ஒத்திகையில் டிரம்ஸ்காரர் கையை அசைப்பதைப் பார்த்துத்தான் தொடங்குகிறேன். அம்மா மட்டும் கேட்கிறாள். முழுதும் எழுதிவிட்டேன், கடைசி அடி ஒன்றுதான் பாக்கி. அந்த இடம் வந்ததும் அவள் நிறுத்திக்கொள்கிறாள். நான் வாசிக்கப் போனால் விரல் வரவில்லை. வேறு யாரோ எடுக்க வேண்டியது போலக் காத்திருக்கிறாள். நாளைக்கு மத்தியானம் மேடையில் அது எப்படியும் வந்துவிடும்.

எனக்குப் பயமில்லை அக்கா. அவள் சாவுக்கு வராதவனை அவளே தேடி வந்திருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நீ வருத்தப்படாதே.

உன்
ஆல்வின்

---

அச்சரப்பாக்கம்
10 நவம்பர் 2024

என் ராசா,

மேடை எப்படிப் போனது என்று நீ எழுதவில்லை. ஜெயப்பிரியா அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அங்கே யாரைக் கேட்பது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

உன் மேடை நாளன்று வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கொக்கிலமேட்டுக்குப் போயிருந்தேன். வெயில் சாயும் நேரம். கரையில் ஆராயி என்ற அம்மாள் கருவாட்டைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா இது, போட்டே இல்ல, கடல்ல மோட்டாரு ஓடற மாரி கீது" என்றாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. நான் மணலில் கையை வைத்துப் பார்த்தேன். மணல் அதிர்ந்தது. மோட்டார் இல்லை தம்பி. உன் பேஸை எனக்குத் தெரியாதா? ஓர் அடி அம்மா, ஓர் அடி நீ. நான் மார்ச்சில் விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. கடைசி அடி வந்ததும் நின்றது. அலைகூடச் சத்தம் போடாமல் நின்றது.

உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அது என்னுடைய அடி. தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். ஆராயி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், அதையும் குடிக்கவில்லை. வாயைத் திறந்தால் பாடிவிடுவேன்.

அதிலிருந்து வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை. சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கிறேன், வாயைத் திறப்பதில்லை. ஊரில் எந்தச் சாவுக்கும் போவதில்லை. போகட்டும். நான் அந்த அடியைப் பாடாதவரைக்கும் உன்னை யாரும் தூக்க முடியாது. அம்மாவே வந்து கேட்டாலும் பாட மாட்டேன்.

நீ ஒரு வரி எழுது, போதும்.

உன் அக்கா
பிரிசில்லா