லோகேஸ்வரி அக்காவின் வாய்

அன்புள்ள அப்பாவுக்கு, யுவனேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். குளிர்தான் அதிகம்.

என்னுடன் ஒரே அறையில் தங்கி, கிளினிக்கிலும் சேர்ந்து வேலை செய்யும் தாதி லோகேஸ்வரி அக்கா பேச்சுக்குப் பேச்சு கெட்ட வார்த்தை சொல்வதைப் போனில் கேட்டுவிட்டு, "வேற வார்த்தை தெரியாதவங்கதான் இப்படிப் பேசுவாங்க, ரூம மாத்திக்க" என்றீர்கள்.

சென்ற வாரம் ரிங்லெட் ஊருக்கு அருகே மலைப்பாதையில், பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் எங்கள் கிளினிக்கில் இறந்துபோனார். வெளியே காத்திருந்த அவர் மனைவி மலரிடம் சொல்லப் போனேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதோடு நின்றுவிட்டேன். அக்கா வந்து மலரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மலரு, அவர காப்பாத்த முடியலம்மா. கடைசி வரைக்கும் கையப் புடிச்சிட்டுதான் இருந்தேன். அவர தனியா விடல."

மலர் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிறகு அக்கா கிளினிக்கின் பின்புறம் போய், பனியையும் ரோட்டையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். அதையெல்லாம் உங்களுக்கு எழுத முடியாது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

அவரிடம் வார்த்தைக்குக் குறைவில்லை அப்பா. நான் அறையை மாற்றவில்லை.

நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை, பயப்படாதீர்கள். அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு போத்தல் அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டாயா என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். கிளினிக் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
யுவனேஸ்வரி