உன்னைத் தாண்டிய தட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே பொய் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவரிடம் படித்துக் காட்டு.

சமையலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் மாற்றுகிறேன் பேர்வழி என்று ஸ்பானரோடு உட்கார்ந்து, சொட்டிக்கொண்டிருந்ததை ஓடவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்துதான் நிறுத்தினார். அக்கா எப்ப வருவாங்க என்று தினமும் கேட்கிறார். வேலைக்காலம் முழுக்க ரயிலில் டிக்கெட் கேட்டு அதட்டியவனுக்கு, அந்தம்மா முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்து உள்ளே வந்துவிடுகிறேன்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்து ஆனவரைப் பாப்பா ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாய். அப்படிப்பட்ட கல்யாணத்துக்குத் துணைபோனவர்களுக்கு ஒரு வருஷம் திருவிருந்து அப்பம் கிடையாது என்பது சபைச் சட்டம். வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா என்று கமிட்டியில் போதகர் கேட்டார். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டது நான், என்னைக் கேளுங்க என்றாய்.

கல்யாணத்தன்று காலையில் பாப்பா புறப்படும்போது அவள் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியவன் நான். உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். கமிட்டியில் சபை மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பத் தட்டை ஏந்தி வரிசையாக வந்தேன். நீ கையை நீட்டினாய். பழக்கத்தில் நீட்டினாயோ, நான் கொடுப்பேன் என்று நம்பி நீட்டினாயோ, தெரியவில்லை. தட்டை உயர்த்திப் பக்கத்திலிருந்தவருக்கு நீட்டினேன். உன் கை மடியில் இறங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் நடந்தேன். சொந்த மனைவி என்றும் பார்க்காத நேர்மையான மனுஷர் என்று நாலு பேர் கைகொடுத்தார்கள். அவர்கள் கையையும் பிடித்துக் குலுக்கினேனே, வெட்கங்கெட்டவன். மத்தியானமே நீ பையோடு பாப்பா வீட்டுக்குக் கிளம்பினாய். இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிறு மறுபடி திருவிருந்து. ஆராதனைக்கு முன்பே போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தட்டைத் தொடமாட்டேன், எனக்கும் அதே தண்டனை கொடுங்கள் என்றேன். தண்டனை வாங்கிவிட்டால் மனசு ஆறிவிடும் என்ற நப்பாசை. அவர் அங்கியை மாட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவரே தட்டோடு அங்கே வந்து நின்றார். சட்டப்படி எனக்குக் கிடையாது ஐயா என்றேன். சட்டப்படி பார்த்தா எனக்கும் கிடையாதுங்க, இந்த மேசையில யாருக்குமே கிடையாது, கிருபைன்னுதானே இதை வச்சிருக்கு என்றார். உங்க வீட்டம்மாவைத் தாண்டிப் போகச் சொன்னதுல எனக்கும் பங்குண்டு, அவங்க வந்தா நானே மன்னிப்புக் கேக்கணும் என்றும் சொன்னார்.

கையை நீட்டினேன். கொடுக்காமல் போய்விடுவாரோ என்று ஒரு நொடி பயந்துவிட்டேன். அந்த நொடியைத்தான் உனக்கு நான் கொடுத்திருக்கிறேன். அப்பம் கையில் விழுந்ததும் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

சட்டமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தப்பைத் தப்பு என்று காட்ட அது வேண்டும், எனக்கும் காட்டியது. ஆனால் காட்டிவிட்டு அது அங்கேயே நின்றுவிடுகிறது. விழுந்தவனைத் தூக்க அதற்குக் கையில்லை. இத்தனை வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டும் எனக்கு இது உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உன்னைக் கூட்டிப்போக அல்ல, அதைக் கேட்க எனக்கு முகமில்லை. உன்னிடமும் பாப்பாவிடமும் மாப்பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்க வருகிறேன். கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக.

வந்து கதவைத் தட்டுவேன். நியாயம் பார்த்தால் நீ திறக்க வேண்டியதில்லை. நியாயம் பார்க்காதேம்மா.

பாப்பாவின் அப்பா