எட்டு வாரப் பல் வைத்தியம்

அடியே, இன்று காலை விருந்தாளிகளுக்குக் கறிக்குழம்பு வைக்கக் கிராம்பைத் தட்டினேன். வாசனை எழுந்ததும், நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆனதை மறந்து, உன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். இப்போது எல்லாரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். ஒரு சேதி இருக்கிறது. உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிராம்பு உன் யோசனைதானே? தஞ்சாவூரில் அந்த மனநல ஆலோசகரிடம் என்னை அழைத்துப் போன முதல் நாளே, "ஊருக்குத் தெரிஞ்சா பைத்தியம்னுருவாங்க, பல் டாக்டர்னு சொல்லிக்குவோம்டி" என்றாய். திரும்பி வந்து பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வாயில் ஒரு கிராம்பைத் திணிப்பாய். பல் வைத்தியம் பார்த்த வாசனை வர வேண்டுமாம். என் மாமியார் பாவம், எட்டுச் செவ்வாய்க்கிழமையும் எனக்குக் குழையக் குழையச் சோறு வடித்துப் போட்டார். "இன்னும் எத்தனை பல்லும்மா பாக்கி?" என்று அவர் கேட்டபோது, நீ முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எனக்குச் சிரிப்பு வந்த காலம் அல்ல அது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஆறு மா நிலத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் யார் எதைக் கேட்டாலும் "எனக்கு என்னங்க தெரியும்" என்றுதான் சொல்வேன். "நீ எதுக்குடி லாயக்கு" என்று அப்பா சின்ன வயதில் சொன்னது காதிலேயே குடியிருந்தது. சோறு இறங்காது. யாரையும் நிமிர்ந்து பார்க்க வராது. இதை நீ மட்டும்தான் கவனித்தாய். நான் வர மாட்டேன் என்று அடம்பிடித்தபோது பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாய்:

"பிள்ளை கலைஞ்சப்ப நானும் அவங்ககிட்டதான்டி போனேன். வீட்டுல கண் டாக்டர்னு சொல்லிட்டேன். அதுக்காக ஒரு மாசம் வெறும் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்."

அந்த ஆலோசகர் அம்மா தினமும் நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியத்தை நோட்டில் எழுதிவரச் சொன்னார். நானும் மெனக்கெட்டு எழுதிக்கொண்டு போனேன். ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்தது, விதை நல்ல விதை, நடவாட்கள் கெட்டிக்காரர்கள். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தண்ணி தானாவா வயலுக்கு வந்துச்சு? மடையைத் திறந்தது யாருங்க?"

"நான்தாங்க. ஆனா வாய்க்கால்ல தண்ணி இருந்ததாலதானே..."

"மடையைத் திறந்தது யாருங்க?"

மூன்றாம் தடவை கேட்டபோது அழுதுவிட்டேன். நான் செய்தேன் என்று எழுதவே மூன்று வாரம் பிடித்தது. அது பீற்றிக்கொள்வதாகாது என்று மனசு ஒப்புக்கொள்ள இன்னும் சில வாரம். அப்பாவின் குரல் இன்றும் எப்போதாவது கேட்கும். கேட்டால், பேசுவது அப்பா என்று இப்போது அடையாளம் தெரிகிறது.

இனி சேதி. வரும் குறுவையிலிருந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று என் கொழுந்தனார் தானே முடிவு செய்து, குத்தகைக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு இன்று வந்தார். செல்போனில் சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர். "அண்ணிக்கும் கஷ்டம்தானே" என்றார் கொழுந்தனார். நான் தலையாட்டியிருந்தால் நிலம் கைமாறியிருக்கும், நானும் பழையபடி ஆகியிருப்பேன். இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்:

"குத்தகைக்கு வேண்டாம் தம்பி. மூணு வருஷமா நான்தான் சாகுபடி பண்றேன். குறுவையும் நானே பண்ணிக்கிறேன்."

"உங்களுக்குச் சரின்னு பட்டா" என்று வழக்கமாக ஒட்டுவேனே ஒரு வால், அதை ஒட்டவில்லை! போனில் என் வீட்டுக்காரர், "அவ சொல்றதுதான்டா சரி. இத்தனை நாளா விளைய வச்சது அவதானே" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கையில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு இருந்ததால் குதிக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கொழுந்தனார் கேட்டார், "இப்படியெல்லாம் பேச யாரு அண்ணி சொல்லிக் குடுத்தா?"

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் பொய்யும் இல்லை. ஆனாலும் அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "நானே யோசிச்சதுதான் தம்பி" என்றேன். உன் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காக என்னைக் கட்டிக்கொள்ளக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்டி.