மயிலிட்டி மச்சாளின் வெண்டித் தோட்டம்

மச்சாள்,

இன்று காலை பின்வளவில் வெண்டிக்காய் ஆய்ந்துவிட்டு வந்தேன். முழங்கை வரைக்கும் சுணை. கழுவியும் அரிப்பு நிற்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீட்டியிருப்பீர்கள். உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்போல் இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில்தான் அச்சுவேலியில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். லொறி ஓட்டித் திரிந்த அண்ணை மயிலிட்டிக் கடற்கரையில் உங்களைக் கண்டு விரும்பி, கலியாண எழுத்தெழுதிக் கூட்டிவந்தார். ஐயா மீன் மச்சம் தொடாதவர். தோட்டக்காரர் வீட்டுக்குக் கடற்றொழில் வீட்டிலிருந்து மருமகளா என்று குமைந்தார். பின்வளவுக் கொட்டிலையும் கிணற்றடித் துண்டையும் கைகாட்டி, "உலை வேறை வையுங்கோ" என்று அண்ணையிடம் சொன்னதோடு சரி. உங்களோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அந்தத் துண்டில் நீங்கள் வெண்டி போட்டீர்கள். விதையை ஊறவைத்து, குழிக்கு இரண்டாய் ஊன்றி, முளைத்தபின் நோஞ்சானைப் பிடுங்குவதெல்லாம் பக்கத்து வளவுப் பெண்களிடம் கேட்டுப் பழகினீர்கள். அப்போது தண்ணீர் இறைக்க மிசின் இல்லை. கிணற்றுத் துலாவில் ஏறி மிதிக்க நான் ஆள் தேடி ஓட, நீங்களோ தண்ணீர்ப் பட்டையைக் கையால் இழுத்தே ஊற்றிவிடுவீர்கள்.

"எல்லாரும் புகையிலைதானே போடுகினம். ஏன் வெண்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புகையிலைக்கு மாசக்கணக்கா வாய் பாத்துக்கொண்டிருக்கவேணும். நாங்கள் விடிஞ்சா கடலிலை என்ன பட்டதெண்டு பாத்து வளந்த ஆக்கள். வெண்டியெண்டால் ஒருநாள் விட்டொருநாள் ஆயலாம்."

ஒரு போகம், பூத்துக் காய்க்கத் தொடங்கிய நேரம், இலை நரம்புகள் மஞ்சளாயின. பிஞ்சுகள் வெளிறி முறுகின. ஐயா புகையிலைத் தறையிலிருந்து இறங்கி நேரே உங்களிடம் வந்தார்.

"பிள்ளை, உதை முழுக்கப் பிடுங்கு. நல்ல கண்டெண்டு ஒண்டையும் விடாதை. வெள்ளை ஈ நோயைக் காவிக்கொண்டு திரியும்."

அவர் உங்களோடு கதைத்த முதல் வார்த்தைகள் அவை.

"காய்க்கிற கண்டை எப்பிடி மாமா பிடுங்கிறது?"

அவர் போய்விட்டார். "என்னை வேரோடை கிளப்பப் பாக்கிறார்" என்று என்னிடம் சொல்லி அழுதீர்கள். மஞ்சள் கண்டதை மட்டும் பிடுங்கினீர்கள். அடுத்த கிழமை மற்றவையும் மஞ்சளாயின. வேலிக்கு அப்பால் அயலவரின் வெண்டியிலும் அதே நிறம் தெரிந்தபோது உங்கள் முகம் மாறியது. பூவும் பிஞ்சுமாக நின்ற கடைசிக் கன்றுவரை அன்றே பிடுங்கிக் குவித்தீர்கள். நானும் கூடப் பிடுங்கினேன். கொளுத்தினால் பச்சை எரியவில்லை, புகைதான் எழும்பியது. ஐயா காய்ந்த பனையோலை ஒரு கட்டைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டுவிட்டுப் போனார்.

"எங்கடை பக்கத்திலை பழுதான சூடைமீனைத் தென்னையடியிலை புதைக்கிறவை. உந்த மண்ணுக்கும் அது போட்டால் தேறும்" என்று பிறகு அண்ணையிடம் நீங்கள் சொன்னது ஐயாவின் காதில் விழுந்திருக்கவேண்டும். அண்ணை லொறியோடு கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள், ஐயா வண்டிலில் மாட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று அம்மாவுக்கே சொல்லவில்லை. பின்னேரம் அவர் திரும்பியபோது ஒழுங்கை முழுக்க நாறியது. வண்டில் நிறையச் சூடை.

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆரிட்டை எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சம்பந்தியிட்டை." கால் கழுவிக்கொண்டே சொன்னார் ஐயா. "தேத்தண்ணியும் குடிச்சிட்டுத்தான் வந்தனான்."

நீங்கள் கொட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உலை உடனே ஒன்றாகிவிடவில்லை, அதற்கு அம்மாவின் மனம் இளக வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த போகத்து வெண்டிக்கு ஐயாவே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். பிற்காலத்தில் ஒருமுறை நீங்கள் சொன்னீர்கள்: "எழுத்தெழுதினது ஒருநாள். எனக்குக் கலியாணம் நடந்தது மாமா தேத்தண்ணி குடிச்ச அண்டைக்குத்தான்."

போன ஆவணியில் என் மகள் ஒரு பையனை விரும்புவதாகச் சொன்னாள். எங்கள் ஆட்கள் இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். நான் கதையை வளர்க்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி, அந்தப் பையன் வீட்டுக்குத் தனியே போனேன். அவனுடைய தாய் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"எனக்கொரு தேத்தண்ணி தாறீங்களோ?" என்று நானே கேட்டு வாங்கிக் குடித்தேன்.