பூனைக்கு மட்டும் ஓடினோம்

உன் பழைய தொழிற்சாலைச் சட்டையில் உன் வாசனை எப்போதோ போய்விட்டது. இன்று காலை அதிலிருந்து ஒரு கெட்ட வாடை எழுந்தது. என் அலமாரியின் அடித்தட்டில், அந்தச் சட்டையின்மேல் உன் பூனை வெள்ளச்சி சுருண்டு கிடந்தாள். நிறைசூலி. நேற்றிலிருந்து மீனைத் தொடவில்லை. வாலடியில் கறுத்த பச்சையாய்க் கசிவு.

"பூனைக்கு எதுக்கும்மா டாக்டரு? தானா போடும்," என்றார் மாமியார்.

வெள்ளச்சியின் முதல் பேற்றின்போது நானும் அப்படித்தான் பேசினேன். தோட்டத்து வீட்டு வரிசையில் நம் இருவருக்கும் நடுவே ஒரே சுவர். நீ என்னைக் கூப்பிட்டு, கைப்பேசியில் மணியைக் காட்டினாய்.

"அரை மணியா முக்கிக்கிட்டே கெடக்கா, ஒரு குட்டியும் வரல. கூடைய எடு, போலாம்."

"இன்னும் கொஞ்சம் பாப்போம் லா."

"காலேஜ் படிச்சவ பேசற பேச்சாடி இது? அது என்ன, வாயத் தொறந்து சொல்லுமா?"

மோட்டாரை நீ ஓட்ட, பின்னால் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பகாவ் டவுன் மிருக மருத்துவர் வரை வந்தேன். குறுக்கே சிக்கியிருந்த குட்டியை எடுத்த பிறகுதான் நீ தண்ணீர் குடித்தாய்.

ஆனால் உன் முறை வந்தபோது நீ வாய் திறந்து சொன்னாய். அதை என்னால் மறக்க முடியவில்லை. உனக்கு ஏழாம் மாதம். "தல விண்ணு விண்ணுனு வலிக்குதுடி. கண்ணு முன்னால என்னமோ மினுங்குது," என்றாய். மறுநாள் வளைகாப்பு. சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது, கூடாரமும் போட்டாகிவிட்டது. "பனடோல் போட்டுப் படு. விசேஷம் முடியட்டும், திங்கக்கெழம கிளினிக் போலாம்," என்றேன். நீ தலையாட்டினாய். பூனைக்காக என்னை அதட்டியவள், உனக்காக ஒரு சொல்கூட மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் வளையல் உன் கையில் ஏறவில்லை. விரல்கள் அப்படி வீங்கியிருந்தன. "பொண்ணுதான் போல, அம்மாவ நல்லா ஊத வச்சிருக்கு!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோப்பைக் குழைத்துத் தடவி, ஒவ்வொரு வளையலாய்த் திருகி ஏற்றியவள் நான்தான். உன் மணிக்கட்டில் என் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த வளையலை எடுத்தேன்.

ஞாயிறு விடிகையில் உனக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீயும் திரும்பவில்லை, பிள்ளையும் திரும்பவில்லை.

என் மகள் வயிற்றில் இருந்தபோது சின்னத் தலைவலிக்கெல்லாம் கிளினிக்கில் போய் நின்றேன். "இன்னிக்கும் வந்துட்டீங்களா?" என்று தாதி சிரிப்பாள். உன்னைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. எங்கே ஒரு கர்ப்பிணியைப் பார்த்தாலும் என் கண் முதலில் அவள் கால்களுக்குத்தான் போகிறது. தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று முன்பின் தெரியாதவர்களிடமும் கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

இன்று வெள்ளச்சியைத் தூக்கிக் கூடையில் வைத்தேன். எட்டு மாதக் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் பகாவுக்குப் புறப்பட்டேன். ஒரு குட்டி உள்ளேயே இறந்திருந்தது. இரண்டு பிழைத்தன. வெள்ளச்சியும் பிழைத்துவிட்டாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். என்னால் தலையாட்ட முடியவில்லை.

வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. அன்று உனக்கு ஆஸ்பத்திரியும் அதே தூரத்தில்தான் இருந்தது.