தட்டு மறையும் ஆழம்

1938 டிசம்பர் 5, திங்கள்

விடியலிலிருந்தே வாடைக்காற்று. நீர் முழுக்க நுரை. தட்டு நான்கு அடியில் மறைந்தது. மீன் கடிக்கவில்லை. அறிக்கையிலும் இதையேதான் எழுதினேன்.

வெள்ளைக்காரத் துரைமாரின் தூண்டில் சபைக்கு எழுத்தராக இந்தப் பங்களாவுக்கு வந்து இன்றோடு மூன்று வருஷம். மேட்டூர் அணைக்கு ஏழு மைல் மேலே, தேக்கத்தின் கரையில், பேச்சுத்துணைக்குப் பரிசல்காரர் செங்கோட்டையன் ஒருவர்தான். தினமும் காலையில் அவர் பரிசலில் போய், அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் வெள்ளைப் பீங்கான் தட்டைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார். எத்தனையாவது முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தெளிவு. காற்று, தெளிவு, மீன் எந்த இரைக்கு வருகிறது, எல்லாம் எழுதிச் சேலத்துக்கு அனுப்பவேண்டும். நன்றாக இருந்தால் துரைமார் வருவார்கள். இல்லையென்றால் வரமாட்டார்கள். நான் இதுவரை ஒரு தூண்டிலைக் கையில் பிடித்தது கிடையாது.

டிசம்பர் 8, வியாழன்

காற்று. நான்கு அடி. தலைவலி.

டிசம்பர் 11, ஞாயிறு

இரண்டு துரைமார் வந்து, காற்றைத் திட்டிவிட்டு, மத்தியானமே போய்விட்டார்கள். இரைக்கு வைத்த கேழ்வரகு மாவு உருண்டை சரியில்லையாம். காற்றுக்கு நான் என்ன செய்வேன், மாவுக்கு நான் என்ன செய்வேன்?

மனைவி சகாயம்மாளிடமிருந்து கடிதம். நான்கே வரி. "27ஆம் தேதி காலை ஆறு மணிக்குப் பிள்ளைக்கு ஆண்டுப் பூசை. பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அடக்கத்துக்குத்தான் நீங்கள் இல்லை. இதற்கும் வராவிட்டால் அப்புறம் எப்போதும் வரவேண்டாம்."

நான்கு வரியையும் பத்துத் தரம் படித்தேன். அவள் சொல்வதில் தப்பில்லை.

டிசம்பர் 13, செவ்வாய்

தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன், எழுதினாலாவது கொஞ்சம் இறங்குமா பார்க்கலாம்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் வாரம் காற்று நின்று தண்ணீர் கண்ணாடியாய் ஆறு அடி வரை தெளிந்தது. நானும் உள்ளபடி எழுதினேன். எட்டுத் துரைமார் வந்து இறங்கினார்கள். எங்கள் பிள்ளை அருளப்பனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்ததும் லீவு கேட்டேன். "எல்லோரும் போனபிறகு போ" என்றார் செகரட்டரி துரை. தந்தி வந்தபோது மீன் நிறுத்துக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மீதி இருந்த ஆறு மீனையும் நிறுத்து எடை எழுதி முடித்த பிறகுதான் துரையிடம் போய்ச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன்? இந்த ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயமா, பழக்கமா, தெரியல. போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிஞ்சு போச்சு. ஒன்பது மாசப் பிள்ளை. மண்ணைத்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவள் சேலத்தில் தன் அம்மா வீட்டில். நான் இங்கே.

டிசம்பர் 16, வெள்ளி

மார்கழி பிறந்தது. காற்று தணிகிறது. ஐந்து அடி.

லீவு கேட்டு எழுதினேன். 27க்கு மட்டும், ஒரே ஒரு நாள்.

டிசம்பர் 19, திங்கள்

செகரட்டரி துரையிடமிருந்து பதில் வந்துவிட்டது. "தண்ணீர் தெளிந்தால் 24 முதல் ஜனவரி 2 வரை பத்துப் பேர் வருகிறோம். நீ இருக்கவேண்டும். தெளியாவிட்டால் பங்களாவைப் பூட்டிவிட்டு நீயும் போகலாம்."

டிசம்பர் 20, செவ்வாய்

காற்று அடியோடு நின்றுவிட்டது. தட்டை இறக்க இறக்கத் தெரிந்துகொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. மூன்று வருஷத்தில் ஏழு அடி பார்த்ததே இல்லை. கரையோரம் பெரிய பெரிய கெண்டையாகத் துள்ளுகிறது. செங்கோட்டையன் சிரித்தார்: "தொரைங்களுக்கு வேட்டைதானுங்க சாமி." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அறிக்கைக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: "காற்று கடுமை. தண்ணீர் செங்கலங்கல். தட்டு ஓர் அடியில் மறைகிறது. மீன் இல்லை."

உறையிலிட்டு ஒட்டினேன். செங்கோட்டையனிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி? கயிற்றைப் பிடிக்கிறவர் அவர்தானே. "போயிட்டு வாங்க சாமி. போன வருசம் அந்தத் தந்தியக் கொண்டாந்து குடுத்ததே நாந்தானுங்களே" என்றார்.

டிசம்பர் 22, வியாழன்

வருகை ரத்து. துரைமார் வேறெங்கோ போகிறார்கள். பங்களாவைப் பூட்டிவிட்டு 24ஆம் தேதி கிளம்பலாம் என்று கடிதம். ஒரு மெழுகுவத்திக் கட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். வேட்டி துவைத்துப் போட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு பசித்துச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 24, சனி

பெட்டி கட்டிப் பூட்டை எடுக்கும்போது அணை ஆபீஸ் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான். ஓவர்சியர் கண்ணுசாமி கையெழுத்துப் போட்ட உத்தரவு.

என் அறிக்கையின் நகல் ஒன்று வழக்கமாக அணை ஆபீசுக்கும் போகும். அதை அங்கே யாராவது படிப்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை. படித்திருக்கிறார்கள். மழையே இல்லாத மார்கழியில் செங்கலங்கல் என்றால் மேலே எங்கோ கரை சரிந்திருக்கவேண்டும் என்று பயந்துவிட்டார்கள். நான் இடத்தை விட்டு அசையக்கூடாதாம். பகலெல்லாம் மணிக்கொரு தரம் தட்டு இறக்கி எழுதவேண்டுமாம். எஞ்சினீயர் ஐயா 26 காலையில் நேரில் வந்து பார்ப்பாராம்.

துரைமாரை விரட்டப் பொய் சொன்னேன். அது எஞ்சினீயரை அழைத்துக்கொண்டு வருகிறது. இவ்வளவு காலம் உண்மையாக எழுதியதை ஒருத்தன் படிச்சதில்ல. ஒரே ஒரு பொய், ஊரே படிச்சிருச்சு!

டிசம்பர் 25, ஞாயிறு

கிறிஸ்துமஸ். பூசை இல்லை. மணிக்கொரு தரம் ஏழு அடி ஆழத்தில் பளிச்சென்று தெரியும் தட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றே கால், ஒன்றரை, இரண்டு என்று காகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியவைத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் மூன்றரை அடி வரை தெளியவைத்துவிட்டேன். மீதியை நாளைக் காலையில் முடிக்கமுடியாது. எஞ்சினீயர் எட்டு மணிக்கே வந்துவிடுவார்.

செங்கோட்டையன் வீட்டிலிருந்து களியும் கீரையும் வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 26, திங்கள்

எஞ்சினீயர் ஓவர்சியரோடு வந்தார். கரையில் நின்று ஒரு தரம் பார்த்தார். பரிசலில் ஏறித் தட்டைத் தானே இறக்கினார். ஏழு அடி. என் காகிதங்களை எடுத்துப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் மூன்றரை.

"கயிற்றை இறக்கியது யார்?"

நான் வாய் திறப்பதற்குள் செங்கோட்டையன் முன்னால் வந்து கைகட்டி நின்றார். "நாந்தானுங்க. முடிச்ச எண்ணுறதுல தப்பு பண்ணிப்போட்டனுங்க. எழுத்தருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

"எண்ணத் தெரியாதவனுக்கு எதற்குப் பரிசல் லைசென்ஸ்?" என்று எஞ்சினீயர் ஓவர்சியர் பக்கம் திரும்பினார். ஓவர்சியர் அதை ரத்து செய்யக் குறித்துக்கொண்டார்.

நான் பேசாமல் நின்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பேசாமல் நின்றேன். மேட்டூரில் பன்னிரண்டு மணி ரயிலை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படியே விட்டால் சாயங்காலம் சேலத்தில் இருப்பேன், வேலையும் இருக்கும். அப்போது செங்கோட்டையன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, போங்க என்பதுபோலத் தலையசைத்தார். அதைத்தான் தாங்கமுடியவில்லை. தந்தியை மடித்துப் பையில் வைத்த அதே ஆள்தானே நான் இன்னும்?

"அவர் சரியாகத்தான் எண்ணினார் ஐயா. பொய் எழுதியது நான்" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். பிள்ளை, பூசை, எல்லாம். லைசென்ஸ் பற்றிக் குறித்ததை அடித்துவிடும்படி ஓவர்சியரிடம் சொன்னார். என்னைப் பற்றிச் சபைக்கு எழுதியாகவேண்டும் என்றார். "உன் இடம் இருக்காதப்பா." குரலில் கோபம் இல்லை.

எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து ஒப்படைத்துச் சாவியை ஓவர்சியரிடம் கொடுத்தபோது மத்தியானம். பன்னிரண்டு மணி ரயில் போய்விட்டது. மேட்டூர் வரை ஏழு மைலும் நடந்து, இருட்டும் நேரத்துக்கு ஒரு பஸ் பிடித்தேன். செங்கோட்டையன் பாதி வழி வரை பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். "நேரத்துலயே சொல்லியிருக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 27, செவ்வாய், சேலம்

பூசைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைசி வரிசையில் மண்டியிட்டேன். சகாயம்மாள் திரும்பிப் பார்த்தாள், மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள். அருளப்பன் பெயரைச் சாமியார் சொன்னபோது என்னால் அடக்கமுடியவில்லை. வாய்விட்டே அழுதேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதுவும் நல்லதாகவே இருந்தது.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இருவரும் நடந்தோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"எத்தன நாள் லீவுங்க?"

"லீவு இல்லை. வேலை போய்விட்டது."

எல்லாம் சொன்னேன். ஏழு அடியை ஓர் அடி என்று எழுதியதிலிருந்து. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் அம்மா வீட்டுத் தெரு முனையில் நின்றாள். இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இந்தப் பொய்யப் போன வருசமே எழுதியிருக்கக் கூடாதாங்க?"

"எழுதியிருக்கலாம் சகாயம்" என்றேன். அவள் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.